‘தி பிக் லெபோவ்ஸ்கி’ படத்தை ரெண்டாவது தடவை எப்படி பாக்கணும்? முழுமையான வழிகாட்டி

கோயன் பிரதர்ஸோட ‘தி பிக் லெபோவ்ஸ்கி’ படத்தை யாரோ சொன்னாங்கனு ஒரு தடவை பாத்துட்டு, "நல்லாதான் இருந்துச்சு, ஆனா இதை ஏன் இப்படி தலைல தூக்கி வச்சு ஆடுறாங்க"னு கேக்குறவங்களுக்காக இதை எழுதுறேன். இதுவரைக்கும் பாக்காதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க, ஏன்னா கீழ முழுக் கதையும் முடிவோட சேத்து சொல்லப் போறேன், அதைச் சொல்லாம இந்த வேலையே ஆகாது.

நிறைய பேருக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டி, கூடவே உக்காந்து, எங்க சிரிக்கிறாங்க எங்க போனை எடுக்குறாங்கனு கவனிச்சிருக்கேன். போனை எடுக்குற இடம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒண்ணுதான், பணப்பெட்டியோட கார் திருடு போகுதே, அதுக்கு அப்புறம். அதுவரைக்கும் இது ஒரு கடத்தல் கதைனு நம்பி வர்றாங்க, அதுக்கப்புறம் மாட் யாரு, ட்ரீஹார்ன் யாரு, அந்த ஜெர்மன்காரங்க எதுக்கு வந்தாங்கனு மனசுக்குள்ள கணக்குப் போட ஆரம்பிக்கிறாங்க, கணக்கு ஒரு இடத்துல தப்புன உடனே படத்தையே விட்டுடுறாங்க. ரெண்டாவது தடவை அந்தக் கணக்கு வேலையே உங்களுக்கு இருக்கக் கூடாது. அதுக்கு ஏத்த மாதிரிதான் வரிசை வச்சிருக்கேன், மாத்தாம பண்ணுங்க.

1. கேப் விடுங்க, ஆனா ரொம்ப விடாதீங்க

பாத்த மறுநாளே திரும்பப் போட்டா வேலைக்கு ஆகாது. முதல் தடவை ஏமாந்த மாதிரி ஒரு ஃபீல் இருக்கும்ல, அது அப்படியே இருக்கும், ‘இப்பவாவது ஏதாவது கிடைக்குமா’னு மல்லுக்கு நிப்பீங்க. வருஷக்கணக்கா விட்டாலும் தப்பு, வசனம் எல்லாம் மறந்து போய் திரும்ப முதல் தடவையாவே ஆயிடும்.

சில வாரம் போதும். கதை கொஞ்சம் மங்கணும், அங்கங்க சில பேச்சு மட்டும் காதுல நிக்கணும், அதான் சரியான நேரம்.

2. கதையை பேப்பர்லயே முடிச்சு வச்சிருங்க

இதைத்தான் எல்லாரும் ஸ்கிப் பண்ணுவாங்க, இதைப் பண்ணாம மத்த ஸ்டெப் எதைப் பண்ணாலும் பிரயோஜனம் இல்ல. படம் ரேமண்ட் சாண்ட்லர் எழுதுற மாதிரியான லாஸ் ஏஞ்சலஸ் துப்பறியும் கதையோட அமைப்புல இருக்கு, அதாவது ஒரு பணக்காரக் கிழவர், சொல்பேச்சு கேக்காத ஒரு பொண்ணு, பணம், பொய்க்கு மேல பொய். அந்த முடிச்சை அவிழ்க்குற வேலையை நம்ம மூளை தானாவே எடுத்துக்கும், வேணாம்னு சொன்னாலும் கேக்காது. அதனால வேலையை முன்னாடியே முடிச்சுக் குடுத்துடணும். ஒரு தாள்ல இதை எழுதிக்கோங்க.

ட்யூட், அதாவது ஜெஃப் பிரிட்ஜஸ், வேலை வெட்டி இல்லாத ஆளு, நிஜப் பேரு ஜெஃப்ரி லெபோவ்ஸ்கி. அதே பேர்ல ஒரு கோடீஸ்வரர் இருக்கார். அவரோட இளம் மனைவி பன்னி, ஆபாசப் படம் எடுக்குற ஜாக்கி ட்ரீஹார்னுக்கு கடன் பாக்கி. ட்ரீஹார்னோட அடியாளுங்க பேர் குழப்பத்துல ட்யூட் வீட்டுக்குள்ள புகுந்து கம்பளத்து மேல ஒண்ணுக்கு அடிச்சுட்டுப் போறாங்க. ட்யூட் நஷ்டஈடு கேட்டு கோடீஸ்வரர் வீட்டுக்குப் போறார், அவர் திட்டி அனுப்புறார், வெளிய வரும்போது ‘எந்தக் கம்பளம் வேணாலும் எடுத்துக்கச் சொன்னார்’னு உதவியாளர் கிட்ட பொய் சொல்லி ஒண்ணைத் தூக்கிட்டு வந்துடுறார்.

அப்புறம் பன்னியைக் கடத்திட்டாங்கனு தகவல், பத்து லட்சம் டாலர் கேக்குறாங்க, கொண்டு போய் குடுக்குற வேலை ட்யூட்டுக்கு. இங்கதான் முக்கியமான விஷயம்: பன்னியை யாரும் கடத்தவே இல்ல. அவ சொல்லாம கொள்ளாம பாம் ஸ்பிரிங்ஸ்ல இருக்குற ஃப்ரெண்ட்ஸைப் பாக்கப் போயிட்டா. அவளுக்குத் தெரிஞ்ச நிஹிலிஸ்ட் கும்பல், அதாவது எதுலயும் நம்பிக்கை இல்லனு சொல்லிக்கிற அந்த ஜெர்மன்காரங்க, அவ ஊர்ல இல்லாததை வச்சு பணம் பறிக்கப் பாக்குது. கோடீஸ்வரருக்கும் சொந்தமா பணம் கிடையாது, செத்துப் போன முதல் மனைவியோட சொத்துதான் எல்லாம், அறக்கட்டளைப் பணத்தை அவரே அமுக்கிட்டு காலிப் பெட்டியை ட்யூட் கையில குடுத்துட்டார், பழி ட்யூட் மேல விழட்டும்னு. அந்தக் காலிப் பெட்டிக்கு பதிலா ட்யூட்டோட ஃப்ரெண்ட் வால்டர் அழுக்குத் துணி வச்ச இன்னொரு பையைத் தூக்கிப் போடுறார். ஆக படம் பூரா ஆளாளுக்கு துரத்துற பணம் அந்தப் பெட்டிக்குள்ள இருந்ததே இல்ல.

மாட், கோடீஸ்வரரோட மக, ஓவியர். தன் அம்மாவுக்குக் குடுத்த கம்பளத்தைத் திரும்ப எடுத்துக்கிறவங்க இவங்கதான். கடைசில இவங்களுக்கு ட்யூட் மூலமா ஒரு குழந்தை வேணும், அவ்வளவுதான்.

இதை எழுதின பிறகு ஒரு தடவை சத்தமா படிங்க. இதுல கண்டுபிடிக்க ஒண்ணுமே இல்லனு அப்பதான் மனசுக்கு உறைக்கும்.

3. காப்பி, சப்டைட்டில், கூட உக்காருற ஆளு

டிவிக்காக வெட்டின வெர்ஷன் வேணாம். இந்தப் படத்துல கெட்டவார்த்தை நிறைய, அது சும்மா ஷாக் குடுக்க வைக்கல, பேச்சோட தாளமே அதுலதான் நிக்குது. அமெரிக்க டிவில அதையெல்லாம் மாத்தி சம்பந்தமே இல்லாத வார்த்தைங்களைப் போட்டு ஓட்டுனாங்க, அதுல வால்டரோட கோவம் பாதி காணாமப் போயிடும். முழு படம் 117 நிமிஷம், உங்க காப்பி அதை விட நல்லா குறைவா இருந்தா எங்கயோ கை வச்சிருக்காங்கனு அர்த்தம்.

இங்கிலீஷ் சப்டைட்டில் கண்டிப்பா போடுங்க, உங்களுக்கு இங்கிலீஷ் எவ்வளவு நல்லா வந்தாலும் சரி. மூணு பேர் ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி பேசுற படம் இது, காது ஒருத்தரை மட்டும்தான் பிடிக்கும், மத்த ரெண்டு பேரும் என்ன சொன்னாங்கனு எழுத்துல பாத்தாதான் தெரியும். ஹெட்போன் இருந்தா இன்னும் நல்லது, பௌலிங் பந்து உருளுற சத்தத்துக்கு நடுவுல மெதுவா நிறைய பேசிக்குவாங்க.

வீட்டுல பெரியவங்க, குழந்தைங்க இருக்கும்போது ஹால்ல போடாதீங்க. வால்யூமைக் குறைக்கிறதுலயே கவனம் போயிடும். தனியா பாக்குறது உத்தமம், இல்லனா ஏற்கனவே பாத்த ஒருத்தரோட. முதல் தடவை பாக்குறவங்களைப் பக்கத்துல வச்சுக்காதீங்க, அவங்க கேக்குற கேள்விக்கு பதில் சொல்லியே ராத்திரி முடிஞ்சுடும்.

ட்யூட் குடிக்கிற ஒயிட் ரஷ்யனைக் கலந்து வச்சுக்கிட்டு அவர் குடிக்கும்போதெல்லாம் குடிக்கிறதுனு ஒரு பழக்கம் இருக்கு. வோட்கா, காபி லிக்கர், அதுக்கு மேல க்ரீம். அவர் படம் பூரா குடிச்சுக்கிட்டே இருப்பார், அவரோட போட்டி போட்டவங்க பாதில தூங்கிடுறாங்க. ரெண்டாவது தடவைக்கு தெளிவான தலை வேணும்.

4. 1990–91ல என்ன நடந்துச்சுனு ரெண்டு நிமிஷம் ஞாபகப்படுத்திக்கோங்க

படம் வந்தது 1998ல, ஆனா கதை நடக்குறது முதல் ஈராக் போர், அதாவது வளைகுடாப் போர் சமயத்துல. நம்ம ஆளுங்க பெரும்பாலும் கோட்டை விடுறது இங்கதான், ஏன்னா ஜார்ஜ் புஷ்னு சொன்னா நமக்கு மகன் புஷ்தான் முதல்ல ஞாபகம் வரும். இது அப்பா புஷ். 1990 ஆகஸ்ட்ல சதாம் உசேன் குவைத்துக்குள்ள புகுந்ததும், இந்த ஆக்கிரமிப்பு நிலைக்காது, நிலைக்க விடமாட்டோம்ங்கற மாதிரி டிவில பேசுனார், மணல்ல கோடு கிழிச்சாச்சுனும் சொன்னார்.

இந்த ரெண்டு பேச்சையும் மனசுல வச்சுக்கோங்க. அடுத்த ஸ்டெப்புக்கு இதுதான் சாவி.

5. பேச்சு யார் வாயிலேர்ந்து யார் வாய்க்குப் போகுதுனு பாருங்க

இப்ப படத்தைப் போடுங்க. என்னைக் கேட்டா இந்தப் படத்தோட உயிரே இந்த ஸ்டெப்லதான் இருக்கு, முதல் தடவைல யாருக்கும் சிக்காததும் இதுதான்.

ஆரம்பத்துல ட்யூட் பாத்ரோப் போட்டுக்கிட்டு ரால்ஃப்ஸ் சூப்பர்மார்க்கெட்ல பால் அட்டையைப் பிரிச்சு மோந்து பாத்துட்டு, 69 சென்ட்டுக்கு செக் எழுதுறார். எழுதிக்கிட்டே நிமிர்ந்து பாக்குறார், அங்க டிவில புஷ் அந்த ஆக்கிரமிப்புப் பேச்சைப் பேசிக்கிட்டு இருக்கார். சில நொடிதான், முதல் தடவை யாரும் இதைக் கண்டுக்கிறதே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு கோடீஸ்வரர் முன்னாடி உக்காந்து கம்பளத்துக்கு நியாயம் கேக்கும்போது ட்யூட் வாயிலேர்ந்து அதே வாக்கியம் வருது, கடைசில ஒரு ‘மேன்’ மட்டும் சேத்து. போருக்கு எதிரா நின்ன பழைய ஹிப்பி ஆளு, ஒரு ஜனாதிபதியோட போர் அறிவிப்பைத் தன்னோட சொந்தக் கோவமா நினைச்சு பேசிக்கிட்டு இருக்கார், எங்கேர்ந்து வந்துச்சுனு அவருக்கே தெரியல. வால்டரும் கம்பளத்தைப் பத்தி பேசும்போது மணல்ல கோடு கிழிக்கிறதைப் பத்திதான் பேசுவார். நாட்டுத் தலைவர் குவைத்துக்குப் பேசுன பேச்சு ஒரு நனைஞ்ச கம்பளத்துக்கு வந்து சேருது.

இது ஒண்ணு பிடிபட்டா மத்தது தானா வரும். அந்தக் கம்பளம் ரூமையே ஒண்ணா இழுத்துக் கட்டி வச்சிருந்துச்சுனு ட்யூட் சொல்றது எத்தனை பேர் வாயில போய்ட்டு வருதுனு எண்ணுங்க, இவங்க ரெண்டு பேரோட சேந்து பௌலிங் ஆடுற ஃப்ரெண்ட் டோனி அதைக் கேள்வியாவே திருப்பிக் கேப்பார். பன்னி தன்னைத்தானே கடத்திக்கிட்டாங்கற யோசனை முதல்ல ட்யூட்டோடதுதான், பௌலிங் இடத்துல சும்மா போற போக்குல சொல்றார். வால்டர் அதைப் பிடிச்சுக்கிட்டு தன்னோட கண்டுபிடிப்பு மாதிரி ட்யூட்டுக்கே திருப்பிச் சொல்வார், அதுக்குள்ள ட்யூட்டுக்கு பயம் வந்து அதை நம்புறதை விட்டுருப்பார்.

எல்லாத்தையும் விடப் பெருசு ஒண்ணு இருக்கு. லிமோ காருக்குள்ள கோடீஸ்வரர், பன்னியோடதுனு வந்த வெட்டுன கால் விரலைக் காட்டி மிரட்டுவார்ல, இன்னொரு விரல் வந்தா தாங்கமாட்டேன்னு சொல்ல ‘அபைட்’ங்கற வார்த்தையை அவர்தான் போடுறார். படம் முடியும்போது ட்யூட் அமைதியா சொல்ற, டீஷர்ட்ல எல்லாம் போட்டு விக்கிற ‘தி ட்யூட் அபைட்ஸ்’ங்கற வாக்கியத்துல இருக்குறதும் அதேதான். ஒரு ஏமாத்துக்காரக் கிழவர் வீராவேசமா சொன்னதை எடுத்து, அதுல இருந்த கோவத்தை மொத்தமா இறக்கி வச்சுட்டு ட்யூட் தன்னோடதா ஆக்கிக்கிறார். ஒரே அடியை வேற வேற சங்கதி போட்டு பாடுற கச்சேரி மாதிரி இந்தப் படம் ஒரே வாக்கியத்தைப் பல பேரைப் பாட வைக்குது, அது காதுல விழ ஆரம்பிச்சா கதை நகரலயேங்கற குறையே தோணாது.

ஒரு எச்சரிக்கை. எல்லாத்தையும் பிடிக்கணும்னு பாஸ் பண்ணி பாஸ் பண்ணி பாக்காதீங்க. பேச்சோட வேகத்துலதான் சிரிப்பு, நிறுத்துனா செத்துடும். விட்டது விட்டதாவே இருக்கட்டும்.

6. டோனியைத் தனியா கவனிங்க

ஸ்டீவ் புசெமி நடிச்ச டோனியை முதல் தடவைல ஒரு சைடு ஜோக்காதான் எல்லாரும் எடுத்துக்கிறோம். அவர் வாயைத் திறப்பார், வால்டர் வாயை மூடச் சொல்வார், அவ்வளவுதான் நமக்கு.

ரெண்டாவது தடவை அவர் என்ன கேக்குறார்னு கேளுங்க. எப்பவும் பந்தை வீசிட்டு பாதி பேச்சுலதான் வந்து உக்காருவார், அதனால யாரு, எது, எந்தக் கம்பளம்னு கேப்பார். அதெல்லாம் முதல் தடவை படம் பாக்குறப்போ நாம கேட்ட கேள்விங்கதான். நம்ம இடத்துல நிக்கிற ஒரே ஆளை வால்டர் ஒவ்வொரு தடவையும் அடக்கிக்கிட்டே இருக்கார், நாமளும் சேந்து சிரிச்சுட்டோம்.

அடுத்து அவர் பந்து வீசுறதைப் பாருங்க. வீசுறப்போ எல்லாம் ஸ்ட்ரைக், பத்து பின்னும் விழும். (ட்யூட் படம் பூரா ஒரு தடவை கூட வீச மாட்டார், அதையும் சரிபாத்துக்கோங்க, முதல் தடவைல இதைக் கவனிச்ச ஒரு ஆளைக் கூட நான் பாத்ததில்ல.) கடைசியா அவங்க மூணு பேரும் பௌலிங் ஆடுற ராத்திரி டோனி வீசுறார், ஒரே ஒரு பின் மட்டும் விழாம நிக்குது. டோனி அதையே பாத்துக்கிட்டு நிக்கிறார். இது என்னடா புதுசானு ஒரு முகம். யாரும் ஒண்ணும் சொல்லல, கேமரா அதைப் பெருசு பண்ணல. வெளிய பார்க்கிங்ல நிஹிலிஸ்ட் கும்பல் ட்யூட்டோட காரை எரிச்சுட்டு நிக்குது, அடிதடில டோனியை யாரும் தொடக்கூட இல்ல, மாரடைப்புல விழுந்து செத்துப் போறார்.

முதல் தடவை அந்தச் சாவு எங்கேர்ந்தோ திடீர்னு வந்த மாதிரி இருக்கும், நிறைய பேர் ‘இது எதுக்கு’னு கேப்பாங்க. அந்த ஒத்தை பின்னைப் பாத்துட்டீங்கன்னா வயிறு கலங்கும். அதுக்கப்புறம் இறுதிச்சடங்கு ஆபீஸ்ல அஸ்திக் கலசத்துக்கு 180 டாலர்னு சொல்ல, வால்டர் சண்டை போட்டுட்டு காபி டப்பால அஸ்தியை வாங்கிட்டு வர்றார். கடலோரப் பாறைல நின்னு பேசும்போதுதான் டோனிக்கு சர்ஃபிங் பிடிக்கும்னு நமக்குத் தெரியவே வருது, அந்த மனுஷனைப் பத்தி படம் பூரா யாரும் ஒண்ணும் கேக்கல. அந்தப் பேச்சும் நாலு வரில வியட்நாமுக்குப் போயிடுது. டப்பாவைத் திறந்து கொட்டுனா காத்து திரும்பி அடிச்சு அஸ்தி பூரா ட்யூட் தாடில.

இதுல சிரிக்கலாமானு கேக்காதீங்க, சிரிங்க. ஆனா ட்யூட் கத்துற கத்தலையும், உடனே வால்டர் வந்து கட்டிப் பிடிக்கிறதையும் முழுசா பாருங்க. அந்த ரெண்டு பேரோட நட்பு எவ்வளவு ஆழம்னு அங்கதான் தெரியும்.

7. வால்டர் சொல்றதுல எது சரினு குறிச்சு வைங்க

ஜான் குட்மேனோட வால்டர் கத்துறார், துப்பாக்கி எடுக்குறார், எதுக்கெடுத்தாலும் வியட்நாம். அதனால அவர் சொல்றது எல்லாமே தப்புனு நமக்கு ஒரு எண்ணம் விழுந்துடுது.

சரிபாருங்க. பன்னியை யாரும் கடத்தலனு அடிச்சு சொல்றார், சரிதான். அந்தக் கால் விரல் அவளோடது இல்லனு சொல்றார், அதுவும் சரி, அது கும்பல்ல ஒருத்தனோட காதலியோட விரல். அப்புறம் ட்யூட்டோட காரைத் திருடுனதா சந்தேகப்படுற அந்த ஸ்கூல் பையன் விஷயத்துல ஊரான் காரைப் போட்டு உடைக்கிறார், கோடீஸ்வரருக்கு நடக்க வரும்னு சொல்லி சக்கர நாற்காலிலேர்ந்து தூக்கி நிறுத்துறார், ரெண்டும் படு மோசமா தப்பு. பெரிய விஷயத்துல புத்தி சரியா வேலை செய்யுற ஒரு ஆளு, தன் கோவத்தை எங்க இறக்குறதுனு தெரியாம தப்பான ஆள் மேல, தப்பான கார் மேல இறக்குறார். இது தெரிஞ்ச பிறகு வால்டர் வர்ற ஒவ்வொரு சீனும் வேற மாதிரி இருக்கும், சிரிப்பும் கூடும், பரிதாபமும் கூடும்.

கதையையே அவர்தான் ஆரம்பிச்சு வைக்கிறார், அதையும் விட்டுடாதீங்க. கோடீஸ்வரர் கிட்ட போய் நஷ்டஈடு கேக்கணும்னு ஐடியா குடுத்ததே அவர்தான்.

8. ஓரத்துல நிக்கிறவங்க

இது சின்ன ஸ்டெப், ஆனா பாக்க பாக்க ஜாலியா இருக்கும்.

ட்யூட் முதல் தடவை பன்னியைச் சந்திக்கும்போது அவ கால் நகத்துக்கு பச்சை பாலிஷ் போட்டுக்கிட்டு இருப்பா. பின்னாடி நீச்சல் குளத்துல ஒருத்தன் மிதந்துக்கிட்டு தூங்குறான் பாருங்க, அவன்தான் நிஹிலிஸ்ட் கும்பல் தலைவன் ஊலி. வில்லனை ஆரம்பத்துலயே நம்ம கண்ணு முன்னாடி மிதக்க விட்டுருக்காங்க. அப்புறம் விரல் வரும்போது அதுலயும் பச்சை பாலிஷ்.

டாக்ஸிக்காரர் போட்ட ஈகிள்ஸ் பாட்டை மாத்தச் சொன்னதுக்காக ட்யூட்டை ரோட்டுல இறக்கி விடுறார்ல, அந்த நேரம் பாத்து ஒரு கார் பறந்து போகும். ஓட்டுறது பன்னி, கேமரா அவ காலைக் காட்டும், அஞ்சு விரலும் பத்திரமா இருக்கு. மொத்த மர்மத்துக்கும் விடை அதுதான், ட்யூட் ரோட்டுல நின்னுக்கிட்டு அதைப் பாக்கவே இல்ல. ஈகிள்ஸ்னா ஆகாதுனு சொல்ற இந்த ஆளோட பௌலிங் போட்டி எதிரணிக்காரர் ஜீசஸ் முதல்ல அறிமுகம் ஆகும்போது பின்னணில ஓடுறது ஈகிள்ஸோட ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’தான், ஜிப்ஸி கிங்ஸ் ஸ்பானிஷ்ல பாடுனது.

நீல கலர் பீட்டில் கார் ஒண்ணு பின்தொடருது, லிமோ டிரைவர் ஒருத்தர் அதைச் சொல்லவும் செய்வார். ஃபிலிப் சீமோர் ஹாஃப்மேன் உதவியாளர் பிராண்ட்டா வர்றார், முதலாளிக்குப் பக்கத்துல நிக்கும்போது ஒரு முகம், பன்னி ஏதாவது அசிங்கமா பேசுனா ஒரு சிரிப்பு, அவரை மட்டுமே பாத்துக்கிட்டு அந்த சீன் எல்லாத்தையும் பாக்கலாம்.

9. கனவு வரும்போது எழுந்து போயிடாதீங்க

ட்ரீஹார்ன் வீட்டுல மயக்க மருந்து கலந்து குடுத்த பிறகு ஒரு பெரிய பாட்டுக் கனவு வரும். முதல் தடவை இதைத்தான் தண்ணி குடிக்கப் போற நேரமா எடுத்துக்குவாங்க, சம்பந்தமில்லாத பைத்தியக்காரத்தனம்னு நினைச்சு.

அதுல வர்ற ஒவ்வொண்ணும் முன்னாடி வந்ததுதான். பௌலிங் ஷூ எடுத்துக் குடுக்குறது சதாம் உசேன், சூப்பர்மார்க்கெட் டிவியை ஞாபகம் வச்சுக்கோங்கனு அதுக்குதான் சொன்னேன். ட்யூட் போட்டிருக்குற டிரெஸ், மாட் காட்டுன ஆபாசப் படத்துல கேபிள் ரிப்பேருக்கு வந்தவன் போட்டிருந்தது. ராட்சசக் கத்தரிக்கோலோட துரத்துற சிவப்பு உடை ஆளுங்க நிஹிலிஸ்ட் கும்பல், மாட் ஸ்டுடியோவுக்குப் போகும்போது சுவத்துல சிவப்புப் பின்னணில கத்தரிக்கோல் ஓவியம் மாட்டியிருக்கும், அதை அப்பவே பாத்து வச்சுக்கோங்க. வாக்கியங்களைக் கடன் வாங்குற மாதிரியே ட்யூட் தூக்கத்துலயும் கண்ணுல பட்டதை எல்லாம் கடன் வாங்கியிருக்கார்.

10. மொட்டையா நிக்கிறதை அப்படியே விடுங்க

போட்டில யார் ஜெயிச்சாங்க? சொல்லவே மாட்டாங்க. ஜீசஸ் அவ்வளவு பில்டப்போட வந்துட்டு என்ன ஆனார்? ஒண்ணும் ஆகல. கம்பளம் கடைசில கிடைச்சுதா? இல்ல. சாம் எலியட் கௌபாய் வேஷத்துல வந்து கதை சொல்றாரே, அவர் யாரு? ஆரம்பத்துலயே பேச்சோட நூலை விட்டுட்டு நிப்பார், கதை சொல்றவரே அப்படி.

இதுக்கெல்லாம் விளக்கம் சொல்ற வீடியோ ஏகப்பட்டது இருக்கு. ரெண்டாவது தடவைக்கு முன்னாடி ஒண்ணும் பாக்காதீங்க. அது பாத்துட்டு வந்தவங்க சதாம் எதைக் குறிக்குது, கம்பளம் எதைக் குறிக்குதுனு தேடிக்கிட்டே இருக்காங்க, முதல் தடவை பணத்தைத் தேடுன அதே வேலைதான், தேடுற பொருள் மட்டும் மாறியிருக்கு. மீம்ஸும் அப்படித்தான், முன்னாடியே தெரிஞ்ச வசனம் எப்ப வரும்னு காத்திருந்தா அதுக்கு முன்னாடி பின்னாடி பேசுறது காதுலயே விழாது.

11. முடிஞ்ச பிறகு

அன்னிக்கே ரெண்டு சீனை மட்டும் திரும்ப ஓட்டுங்க, இந்த வரிசைல: முதல்ல லிமோவுக்குள்ள விரல் காட்டுற சீன், அடுத்து படத்தோட கடைசி பௌலிங் சீன். கடன் குடுத்தவரும் வாங்குனவரும் அடுத்தடுத்து பேசுறதைக் கேட்டா ஸ்டெப் 5ல சொன்னது முழுசா பிடிபடும், படத்துக்குள்ள அந்த ரெண்டுக்கும் நடுவுல நிறைய தூரம் இருக்குறதால ஒரே ஓட்டத்துல அது நழுவிடும்.

அப்பவும் பிடிக்கலைனா விட்டுடுங்க, மூணாவது தடவைனு யாரும் வற்புறுத்துனா கேக்காதீங்க. வால்டர் கத்துறது சிலருக்கு நிஜமாவே ஒத்துக்காது, அது ரசனைக் குறைவு இல்ல. பிடிச்சவங்க அடுத்ததா ஒரு ஆளுக்குப் போட்டுக் காட்டத் துடிப்பீங்க, காட்டுங்க, ஆனா அவங்களுக்கு இது முதல் தடவை, அதனால இங்க எழுதுனது எதையும் சொல்லாதீங்க, அந்த ஒத்தை பின் நிக்கும்போது பக்கத்துல இருக்குறவங்களை முழங்கையால இடிக்கவும் இடிக்காதீங்க.